பெட்ரோல் ஆவியும் அழுத்த உணரியும்

பெட்ரோலின் வாசனையை அறியாதவர் இந்நாளில் அரியர். பெட்ரோல் நிலையத்தின் ஓரமாக நடந்து சென்றாலே போதும். அது நம் மூக்கைத் தேடி வந்துவிடும். அவ்வாறு வந்து சேர்வது பெட்ரோல் என்னும் திரவம் அன்று. அத்திரவத்தினின்றும் பிரிந்து காற்றிலே கலந்துவிட்ட ஆவி. முற்றத்துக் கொடியிலே உலர்த்திய ஈரத்துணி கொதிக்காமலே காய்வதுபோல, பெட்ரோலும் கொதிக்காமலே ஆவியாகிறது. தண்ணீரைக் காட்டிலும் மிக விரைவாக ஆவியாகிறது. ஓடாமல் வெயிலில் நிற்கும் மோட்டார் காரின் தொட்டியிலும் இவ்வேலை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

இந்த ஆவியை வெளியே விடாமல் பிடித்து வைப்பதற்குக் காரில் ஓர் அமைப்பு உண்டு. அவ்வமைப்பு செவ்வையாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்கு அதிலே ஓர் அழுத்த உணரியும் உண்டு. காவல் காக்கும் அந்த உணரியே பழுதாகிவிட்டதென்று செய்தி வந்தால் என் செய்வது? அச்செய்தி மெய்தானா என்று எவ்வாறு அறிவது? இவற்றைப் பற்றியே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மாணவர்களாகிய உங்களுள் பலர் காரைப் பழுது பார்க்கும் தொழிலுக்குப் போகாமல் இருக்கலாம். ஆயினும் இதிலுள்ள ஆராயும் முறை எத்துறையிலே புகுவோருக்கும் பயன்படுவதாகும்.

முதலில் ஒரு கேள்வி. சிறிதளவு ஆவி வெளியே போனால் என்ன குடிமுழுகிப் போகும்? இக்கேள்விக்கு விடை அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலிருந்து கிடைத்தது. 1943ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரத்தை ஒரு புகைமூட்டம் சூழ்ந்தது. கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது. பின்வந்த ஆண்டுகளிலும் அம்மூட்டம் மீண்டும் மீண்டும் வந்தது. காரணம் எளிதில் புலப்படவில்லை. ஆலைகளைக் குறை கூறினர் சிலர். குப்பை எரிப்பதைக் குறை கூறினர் சிலர்.

அந்நாளில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஹாகன் ஸ்மிட் என்னும் வேதியியல் அறிஞர் பணியாற்றி வந்தார். நெதர்லாந்து நாட்டில் பிறந்தவர்; அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பழத்தின் மணத்தைப் பிடித்து ஆராய்ந்த அதே திறமையை அவர் நகரத்தின் காற்றின்மீது செலுத்தினார். 1950களின் தொடக்கத்தில் உண்மை வெளிப்பட்டது. பெட்ரோல் முதலியவற்றிலிருந்து வரும் ஹைட்ரோகார்பன் ஆவிகளும், எஞ்சின் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் கூடும்போது ஓசோன் முதலான எரிச்சலூட்டும் பொருள்கள் பிறக்கின்றன என்று அவர் காட்டினார். புகைக்குழாயின் வழியாக வருவது மட்டுமன்றி, தொட்டியிலிருந்து சத்தமின்றிக் கசிவதும் குற்றவாளிகளுள் ஒன்று என்பது இவ்வாறு தெளிவாயிற்று. எஞ்சின் ஓடினால்தான் புகை வரும். ஆவியோ வண்டி உறங்கும்போதும் வரும்.

ஆதலால் கலிபோர்னியாவில் 1970ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்தும், அமெரிக்கா முழுவதிலும் 1971ஆம் ஆண்டு மாடலிலிருந்தும், ஆவியைத் தடுக்கும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. தொட்டியை இறுக மூடிவிட்டால் போதாதோ என்று நீங்கள் கேட்கலாம். போதாது. வெயிலில் ஆவி பெருகினால் தொட்டியினுள் அழுத்தம் ஏறும்; இரவில் குளிர்ந்தால் அழுத்தம் குறைந்து தொட்டி உள்நோக்கி ஒடுங்கப் பார்க்கும். எஞ்சினுக்குப் பெட்ரோல் செல்லச் செல்ல, அவ்விடத்தை நிரப்பக் காற்றும் உள்ளே வந்தாக வேண்டும். எனவே தொட்டி மூச்சுவிட வேண்டும். ஆனால் அம்மூச்சிலே பெட்ரோல் இருத்தலாகாது.

இச்சிக்கலைத் தீர்ப்பது கரி. நம் அடுப்பங்கரைக் கரிக்கு உறவினனாகிய, ஆனால் தனி முறையால் பக்குவம் செய்யப்பட்ட, கிளர்வுற்ற கரி. அதன் துண்டு ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எண்ணற்றவை. அத்துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்ப முடியுமானால், ஒரே ஒரு கிராம் கரி ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பாகும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 25 சென்ட் நிலம்! அவ்வளவு பரப்பிலும் பெட்ரோல் ஆவி ஒட்டிக்கொள்கிறது. தொட்டியிலிருந்து கிளம்பும் ஆவி ஒரு குழாய் வழியாக இக்கரி நிரம்பிய பெட்டியை அடைகிறது. ஆவி கரியில் தங்கிவிட, காற்று மட்டும் வெளியே செல்கிறது.

கரியும் எத்தனை நாள்தான் சுமக்கும்? நிரம்பிவிட்டால் அதனைக் காலி செய்ய வேண்டும். இதற்காகக் கரிப்பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒரு வால்வு உண்டு. எஞ்சின் சூடேறி ஓடும்போது, காரின் கணிப்பொறி அந்த வால்வைத் திறக்கிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வேகத்தில், வெளிக்காற்று கரியின் ஊடே பாய்ந்து, ஒட்டியிருந்த ஆவியை அள்ளிக்கொண்டு எஞ்சினுள் புகுகிறது. அங்கே ஆவி எரிந்து வண்டியை ஓட்டுகிறது. வீணாகிக் காற்றைக் கெடுக்க இருந்த பொருள் வேலை செய்துவிட்டுப் போகிறது. இதனை உறிஞ்சு வால்வு எனக் கொள்வோம். கரிப்பெட்டியின் மறுமுனையில், வெளிக்காற்று உள்ளே வரும் வழியில், மற்றொரு வால்வு இருக்கிறது. அதனைக் காற்று வால்வு எனக் கொள்வோம். நம் நாட்டில் ஓடும் பெட்ரோல் கார்களிலும் கரிப்பெட்டி உண்டு.

இதுவரை எல்லாம் நலமே. ஆனால் குழாயில் ஒரு வெடிப்போ, மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு கீறலோ ஏற்பட்டால் ஆவி அவ்வழியே தப்பிவிடும். வண்டியின் ஓட்டத்தில் எந்த மாற்றமும் தெரியாது. ஓட்டுபவர் அறியவே மாட்டார். இதனைக் கருதியே அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் முதல், கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்னும் விதி முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துளையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது முதலில் வந்த கட்டளை. பின்னர் அது அரை மில்லிமீட்டராகக் குறுக்கப்பட்டது. குண்டூசி முனை நுழையும் அளவே உள்ள துளை! காரின் அடிவயிற்றில் எங்கோ இருக்கும் அத்துளையைக் கார் தானே கண்டறிய வேண்டும்.

எவ்வாறு கண்டறியும்? இளநீரைக் குழல் வைத்து உறிஞ்சிய அனுபவம் உங்களுக்கு உண்டு. உறிஞ்சியபின் குழலின் மேல்முனையை விரலால் அடைத்துக்கொண்டு தூக்கினால், நீர் குழலிலேயே நிற்கும். குழலில் ஒரு சிறு துளை இருந்தால் நிற்காது, கீழே இறங்கிவிடும். காரும் இதையே செய்கிறது. காற்று வால்வை மூடுகிறது. உறிஞ்சு வால்வைத் திறந்து எஞ்சினால் சிறிது உறிஞ்சச் செய்கிறது. பின்பு அதனையும் மூடிவிடுகிறது. தொட்டியினுள் இப்போது வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தம் நிற்கிறது. அது அப்படியே நின்றால் கசிவில்லை. விரைவில் தளர்ந்தால் எங்கோ துளை உண்டு. சில கார்கள் எஞ்சின் நின்றபின், பெட்ரோல் சூடாகியும் குளிர்ந்தும் தானாக உண்டாக்கும் அழுத்த மாற்றத்தைக் கொண்டே இச்சோதனையை முடித்துக்கொள்கின்றன.

இங்கே பேசப்படும் அழுத்தம் மிகச் சிறியது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். வளிமண்டலத்தின் அழுத்தம் 10 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமுள்ள நீர்த்தூணைத் தாங்கவல்லது. இச்சோதனையில் உண்டாக்கப்படுவதோ 10 அல்லது 20 சென்டிமீட்டர் நீர்த்தூணுக்கு ஈடான வேறுபாடு. அதாவது ஏறத்தாழ 1 அல்லது 2 கிலோ பாஸ்கல். இளநீரை உறிஞ்சும் சிறுவன் வாயால் உண்டாக்கும் அளவுதான். அந்தச் சிறு வேறுபாட்டை அளப்பதே நம் கதாநாயகனாகிய அழுத்த உணரியின் தொழில். பெரும்பாலும் அது தொட்டியின் மேற்புறத்திலோ, அதனை அடுத்த குழாயிலோ பொருத்தப்பட்டிருக்கும்.

அவ்வுணரியின் உள்ளே ஒரு மெல்லிய சிலிக்கன் தகடு இருக்கிறது. அதன் ஒரு புறத்தில் தொட்டியின் ஆவி, மறுபுறத்தில் வெளிக்காற்று. இரு புறத்து அழுத்தமும் வேறுபட்டால் தகடு சிறிதே வளைகிறது. அத்தகட்டிலேயே நான்கு மின்தடைகள் அமைந்திருக்கின்றன. சிலிக்கன் வளைந்தால் அதன் மின்தடை மாறும் என்பதை 1954ஆம் ஆண்டில் சார்லஸ் ஸ்மித் என்னும் அமெரிக்க இயற்பியலார் எடுத்துக்காட்டினார். தகடு வளையும்போது இரண்டு தடைகள் கூடுகின்றன, இரண்டு குறைகின்றன. நான்கையும் உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் காணும் வீட்ஸ்டன் சமனச் சுற்றுப்போல் இணைத்துவிட்டால், வளைவு மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. கிறிஸ்டி என்பவர் 1833இல் கண்டு, வீட்ஸ்டன் 1843இல் உலகறியச் செய்த அந்தப் பழைய சுற்று, இன்று ஒரு மணியளவு சிலிக்கனுக்குள் அடங்கிப் பணிபுரிகிறது.

உணரிக்கு மூன்று கம்பிகள். ஒன்றின் வழியாகக் கணிப்பொறி 5 வோல்ட் கொடுக்கிறது. மற்றொன்று மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பி. அதனை எர்த் கம்பி என்று மெக்கானிக்குகள் சொல்வர். மூன்றாவது, உணரி தன் செய்தியைச் சொல்லும் கம்பி. தொட்டிக்கும் வெளிக்காற்றுக்கும் வேறுபாடே இல்லாதபோது சில கார்களில் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட்டும், வேறு சிலவற்றில் இரண்டரை வோல்ட்டும் செய்திக் கம்பியில் இருக்கும். எந்தக் காருக்கு எவ்வளவு என்பதை அந்தக் காரின் பழுதுபார்க்கும் கையேட்டில் காணலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இத்தகைய உணரி நலமாக இருக்கும்வரை அதன் செய்தி பெரும்பாலும் அரை வோல்ட்டுக்கும் நாலரை வோல்ட்டுக்கும் இடையிலேயே நிற்கும்; 0 வரை இறங்காது; 5 வரை ஏறாது. ஏன் இப்படி அமைத்தனர்? கம்பி அறுந்தாலோ, ஒன்றோடொன்று பட்டாலோ செய்தி 0 அல்லது 5 என்னும் ஓரத்துக்குப் போய்விடும். ஓரங்களை வெறுமையாக விட்டு வைத்ததால், ஓரத்தில் ஒரு செய்தி வந்தவுடனே, ‘இஃது அழுத்தம் அன்று, மின்பழுது’ என்று கணிப்பொறி உணர்ந்துகொள்கிறது. உடனே ஒரு குறியெண்ணைக் குறித்து வைக்கிறது. அடுத்த ஓட்டத்திலும் அதே நிலை இருந்தால், பெரும்பாலான கார்களில் ஓட்டுநரின் முன்னுள்ள மஞ்சள் விளக்கை ஏற்றிவிடுகிறது.

அக்குறியெண்கள் எல்லா நிறுவனத்தார்க்கும் பொதுவானவை. பி 0450 என்றால் இவ்வுணரியின் மின்சுற்றில் பழுது. பி 0451 என்றால் செய்தி வருகிறது, ஆனால் பொருத்தமாக இல்லை. பி 0452 என்றால் செய்தி மிகத் தாழ்ந்துள்ளது. பி 0453 என்றால் மிக உயர்ந்துள்ளது. பி 0454 என்றால் பழுது விட்டுவிட்டு வருகிறது. இவற்றைப் படித்துக் காட்டும் ஸ்கேன் கருவி இன்று சிறு பழுதுபார்ப்புக் கடையிலும் இருக்கிறது.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். குறியெண்ணில் உணரியின் பெயர் வந்துவிட்டது. எனவே உணரியை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று கருதுகின்றனர். குறியெண் அவ்வாறு சொல்லவில்லை. இக்கம்பியில் வந்த செய்தி இயல்புக்கு மாறாக இருக்கிறது என்பதே அது சொல்வது. அதற்குக் காரணம் உணரியாகவும் இருக்கலாம்; கம்பியாகவும் இருக்கலாம்; கம்பிகள் கூடும் இணைப்பியாகவும் இருக்கலாம்; அரிதாகக் கணிப்பொறியாகவும் இருக்கலாம். இவையன்றி இன்னொன்றும் உண்டு. செய்தி உண்மையாகவே இருக்கலாம்!

இதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2011ஆம் ஆண்டில் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தன் கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம் சிலந்தி! மஞ்சள் நிறச் சிலந்தி வகை ஒன்று, கரிப்பெட்டிக்குக் காற்று வரும் குழாயினுள் புகுந்து வலை பின்னியிருந்தது. வழி அடைபட்டால் தொட்டி மூச்சுவிட இயலாது. அதனுள் குறையழுத்தம் மிகுந்து, தொட்டியிலே வெடிப்பு உண்டாகிப் பெட்ரோல் கசியக்கூடும் என்று அஞ்சினர். அத்தகைய வண்டியில் உணரி விபரீதமான ஓர் அளவைக் காட்டுகிறது என்று வையுங்கள். உணரியைக் கழற்றி எறிவது, தீ பிடித்ததென்று கூவியவனை ஊரைவிட்டுத் துரத்துவதற்கு ஒப்பாகும்.

ஆகவே முதற்சோதனை, உணரி மெய் சொல்கிறதா என்பது. அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. எஞ்சினை நிறுத்தி, சாவியை மின்சாரம் வரும் நிலையில் வைத்து, பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்துவிடுங்கள். திறந்த தொட்டியினுள் உள்ள அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் ஒன்றே. அதில் ஐயத்துக்கு இடமில்லை. எனவே ஸ்கேன் கருவியில் அழுத்த வேறுபாடு 0 என்று வர வேண்டும். மூடியைத் திறப்பதற்குமுன் விபரீதமான அளவும், திறந்தபின் 0வும் வந்தால், உணரி மெய் சொல்கிறது; குழாய்களையும் வால்வுகளையும் ஆராய வேண்டும். மூடியைத் திறந்தபின்னும் பழைய அளவே நின்றால், செய்தி பொய். மின்சுற்றை ஆராய வேண்டும். நமக்கு முன்பே விடை தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்டு சாட்சியைச் சோதிக்கும் வழக்கறிஞரின் முறை இது.

அடுத்தது கம்பிகள். இணைப்பி செருகியபடியே இருக்க, வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையில் வைத்து, மறுமுனையால் மூன்று கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். முதற்கம்பியில் 5 வோல்ட் இருக்க வேண்டும். எர்த் கம்பியில் ஏறக்குறைய 0 இருக்க வேண்டும். இவ்விரண்டும் செவ்வையாக இருந்து, செய்திக் கம்பியில் மட்டும் தவறான அளவு இருந்தால் அப்போதுதான் உணரியின்மேல் ஐயம் வலுக்கிறது. அப்போதும் அவசரம் கூடாது. இணைப்பியைக் கழற்றிவிட்டு, கையேடு சொல்லும் முறையில், பியூஸ் பொருத்திய ஒரு துண்டுக் கம்பியால் கார்ப்பக்கத்துச் செய்திக் கம்பியை 5 வோல்ட் கம்பியோடு சேர்த்தால், ஸ்கேன் கருவி 5 வோல்ட்டைக் காட்ட வேண்டும். காட்டினால், கம்பியும் கணிப்பொறியும் குற்றமற்றவை. தாழ்ந்த செய்திக்கு உணரியே காரணம். காட்டாவிட்டால், எத்தனை புதிய உணரிகள் வாங்கினாலும் பயனில்லை.

இம்முறையின் மதிப்பை நான் நேரிலே கண்டதுண்டு. சில ஆண்டுகள் கலிபோர்னியாவில் வாழ்ந்த காலத்தில், ஒரு சிறிய பழுதுபார்க்கும் நிலையத்துக்கு ஓய்வு நேரத்தில் செல்வது என் வழக்கம். அதனை நடத்தியவர் ஒரு முதிய மெக்கானிக். ஒரு நாள், மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் செவிலியர் ஒருவர் தம் பழைய காரைக் கொண்டு வந்தார். குறியெண் பி 0453. வேறோர் இடத்தில் இரண்டு முறை உணரியை மாற்றியிருந்தனர். ஒவ்வொரு முறையும் பின் இருக்கையைக் கழற்றி, தொட்டியின் மேலுள்ள உணரியை எடுத்துப் புதியது பொருத்தினர், விளக்கு அணைந்தது, சில நாள் கழித்து மீண்டும் எரிந்தது. அம்மாநிலத்தில் பழைய கார்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புகைச் சோதனை உண்டு. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் சோதனையில் தேற முடியாது; தேறாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அவருக்கோ மாத இறுதிவரையே தவணை. நள்ளிரவில் பஸ் இல்லாத ஊர். கார் இன்றிப் பணிக்குச் செல்ல வழியில்லை. குறியெண்ணை அழித்துவிட்டு உடனே சோதனைக்குப் போகலாமே என்றால், அதுவும் ஆகாது. அழித்தால் கார் தன்னைச் சோதித்துக்கொண்ட குறிப்புகளும் சேர்ந்து அழியும். சோதிப்பவர் அதனை உடனே கண்டுகொள்வார்.

முதியவர் எடுத்த எடுப்பில் எதையும் கழற்றவில்லை. மூடியைத் திறந்தார். ஸ்கேன் கருவியில் 4.9 வோல்ட் அசையாமல் நின்றது. “அழுத்தமானால் இறங்கியிருக்கும். இது மின்சாரத்தின் கதை” என்றார். பின்பு இருக்கையை எடுத்து, இணைப்பியில் வோல்ட் மீட்டரை வைத்தார். முதற்கம்பியில் 5 வோல்ட், சரி. செய்திக் கம்பியில் 4.9, ஸ்கேன் கருவி சொன்னதே. மூன்றாவதாக எர்த் கம்பியைத் தொட்டார். 0 இருக்க வேண்டிய இடத்தில் அங்கும் ஏறத்தாழ 5 வோல்ட்! அவர் மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

மாணவர்களே, இதன் பொருளை நீங்களே சிந்தித்துப் பாருங்கள். நீர் வழிந்தோடும் வாய்க்கால் கீழே அடைபட்டால், மேலிருந்து கீழ்வரை நீர்மட்டம் ஒன்றாகவே உயர்ந்து நிற்கும் அல்லவா? எர்த் கம்பி எங்கோ அறுந்திருந்தால் மின்னோட்டம் ஓடாது. ஓட்டம் இல்லையேல் உணரியின் தடைகளில் மின்னழுத்தம் குறைவதும் இல்லை. கொடுத்த 5 வோல்ட் உணரியின் ஊடே வந்து மூன்று கம்பிகளிலும் அப்படியே தேங்கி நிற்கும். உணரி உயர்ந்த அளவைச் ‘சொல்லவில்லை’. அதற்குப் பேசும் ஆற்றலே இல்லை. இரண்டு உணரிகளும் குற்றமின்றியே மாற்றப்பட்டன.

அவர் கம்பிக்கட்டின் வழியே கையால் தடவிக்கொண்டே சென்றார். தொட்டியின் மேல், கம்பிக்கட்டைப் பிடித்து வைக்கும் ஓர் இரும்புக் கொக்கியின் கீழே, எர்த் கம்பியின் மேலுறை தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்து அறுந்திருந்தது. வெளியே பார்க்க முழுக் கம்பி. உள்ளே இரு துண்டு. கம்பிக்கட்டை இலேசாக அசைத்தபோது அறுந்த முனைகள் ஒட்டிக்கொண்டன. அளவு உடனே ஒன்றரை வோல்ட்டுக்கு இறங்கியது. முன்பு உணரியை மாற்றியபோதெல்லாம் விளக்கு அணைந்ததன் இரகசியமும் அப்போதே விளங்கியது. நோயைத் தீர்த்தது புதிய உணரி அன்று; அதனைப் பொருத்தும்போது கம்பி பட்ட அசைவு. ஒட்டிய முனைகள் சில நாள் ஒட்டியிருந்து, வண்டியின் குலுக்கலில் மீண்டும் பிரிந்தன.

கெட்டுப்போன பகுதியை வெட்டியெடுத்து, புதிய கம்பித் துண்டை அழுத்தி இணைக்கும் உலோகக் குழலால் சேர்த்து, நீர் புகாமல் உறையிட்டார். பெட்ரோல் தொட்டியின் அருகே நெருப்புக்கு வேலையில்லை என்று கூறி, பற்றவைக்கும் கோலை அவர் தொடவே இல்லை. அத்துடன் விட்டாரா? இல்லை. கம்பிக்கட்டை நன்றாக உலுக்கிப் பார்த்தார், அளவு அசையவில்லை. சிறு கைப்பம்பினால் உணரியில் சிறிது குறையழுத்தம் கொடுத்தார். அளவு படிப்படியாக மாறி, விட்டவுடன் பழைய நிலைக்கு வந்தது. பின்பு, அந்தப் பெண்மணி பெட்டியில் வைத்திருந்த முதல் உணரியை, ‘பழுது’ என்று முதலில் கழற்றப்பட்டதை, வாங்கிப் பொருத்திப் பார்த்தார். அதுவும் குறையின்றி வேலை செய்தது. சில நாள் ஓட்டியபின் கார் தன் சோதனைகளை முடித்துக்கொண்டது. மாதம் முடியுமுன் புகைச் சோதனையிலும் தேறியது. செலவான பொருள் ஒரு சாண் கம்பி. முன்பு செலவான இரண்டு உணரிகளின் விலையையும் கூலியையும் அவருக்குத் திருப்பித் தர எவரும் இல்லை.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை சில உண்டு. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்த காரணத்தால், முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது. உணரியை மாற்றியபின் விளக்கு அணைந்தது உண்மை. மாற்றியதனால் அணைந்தது என்பது பொய். மருந்து உண்டபின் தணிந்த காய்ச்சலெல்லாம் மருந்தினால் தணிந்தது என்று கூறிவிட முடியாதவாறு போலத்தான் இதுவும். மேலும், ஒரு பழுது தீர்ந்ததென்று சொல்வதற்குமுன், அதனை மீண்டும் வரவழைக்க முயன்று பார்க்க வேண்டும். முதியவர் கம்பிக்கட்டை உலுக்கியது அதற்காகவே. தாம் கண்ட முடிவைத் தாமே தாக்கிப் பார்த்து, அது விழாமல் நின்றபின்னரே அதை அவர் நம்பினார்.

முடிக்குமுன் ஓர் எச்சரிக்கை. இவ்வமைப்பிலே ஓடுவது பெட்ரோல் ஆவி. காற்றிலே அது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு கலந்திருந்தாலே தீப்பிடிக்கப் போதும். காற்றினும் கனமானது ஆதலால் தரையோடு தவழ்ந்து, பள்ளங்களில் தேங்கி நிற்கும். எனவே காற்றோட்டமுள்ள இடத்திலன்றி இவ்வேலையைச் செய்தலாகாது. அருகில் தீக்குச்சியும் சிகரெட்டும் பொறி பறக்கும் கருவியும் இருத்தலாகாது. டயருக்குக் காற்றடிக்கும் பம்பினால் இக்குழாய்களில் காற்றை ஏற்றுவதும் ஆபத்து. இளநீர் உறிஞ்சும் அளவு அழுத்தத்துக்கென அமைந்த உறுப்புகள் அதனைத் தாங்கா. கசிவைத் தேடுவதற்கெனத் தாழ்ந்த அழுத்தத்தில் புகையூட்டும் தனிக் கருவிகள் உண்டு. வண்டி வைத்திருப்போருக்கும் ஒரு சொல்: பெட்ரோல் போடும் குழல் தானாக நின்றபின் மேலும் மேலும் திணித்து நிரப்பாதீர்கள். ஆவி செல்ல வேண்டிய வழியில் திரவமே சென்று கரியை நனைத்துவிடும். நனைந்த கரி ஆவியைப் பிடிக்கும் திறனை இழந்துவிடும்.

உங்கள் இயற்பியல் பாடத்தில் வீட்ஸ்டன் சுற்றும் ஓமின் விதியும் தேர்வுக்காக மட்டும் எழுதப்பட்டவை அல்ல என்பதை இவ்வளவில் கண்டிருப்பீர்கள். மின்னோட்டம் இல்லாத தடையில் மின்னழுத்தம் குறையாது என்னும் ஒரு வரி தெரிந்திருந்தால், எர்த் கம்பியில் நின்ற 5 வோல்ட்டைக் கண்டவுடனே பழுதின் இடம் புலப்பட்டிருக்கும். ஓர் ஏழைக் குடும்பத்தின் பணமும் வீணாகியிராது. அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் வோல்ட் மீட்டரைக் கையில் எடுக்கும்போது, முள் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், அவ்விடத்தில் அந்த அளவு ஏன் வந்தது என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.